தோட்டத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு: நான்கு யோசனைகளில் எது?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழும்பில் கடை வேலை செய்யும் இளைஞர்களும் கட்டாரில் இருக்கும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து கொஞ்சம் காசு திரட்டியிருக்கிறார்கள். கோயில் மண்டபத்தைத் தர நிர்வாகக் குழுவும் சம்மதித்துவிட்டது. பிள்ளைகளுக்கு டியூஷன் ஏற்கனவே நடக்கிறது. இந்த முறை பெரியவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. எழுத்தறிவு வகுப்பு என்கிறார் ஒருவர். தொழிற்சங்கத்தைக் கூப்பிட்டு உரிமை வகுப்பு வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். வெளிநாடு போகிறவர்களுக்கு மொழியும் தொழிலும் சொல்லிக்கொடுத்தால் கைமேல் பலன் என்பது மூன்றாவது கட்சி. நாலாவது, ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பிரச்சினையை வைத்தே படிக்கும் படிப்பு வட்டம். என்னிடம் கேட்டார்கள். வாயால் சொன்னால் போய்ச் சேரும்போது வேறாகிவிடும் என்பதால் எழுதித் தருகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றத் தோட்டத்துக்காரர்களும் பார்க்கட்டும்.

கையில் இருப்பது வாரத்தில் இரண்டு பொழுது, ஒரு வருடத்துக்கு இழுத்துப் பிடித்தால் போதும் என்கிற அளவுக்குக் காசு. நாலையும் செய்ய முடியாது. நாலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் ஒன்றும் தேறாது.

யார் வரப்போகிறார்கள்?

முதலில் இதைப் பார்க்கவேண்டும். ‘பெரியவர்கள்’ என்று ஒரே கூட்டமாகச் சொல்கிறோமே தவிர, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குறைந்தது மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரு சாரார். இவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் வாசிப்பு ஓடாது. எட்டாம் ஒன்பதாம் வகுப்போடு நின்று கொழும்புக்கும் கண்டிக்கும் போய் வரும் இளைஞர்கள் இன்னொரு சாரார். தமிழ் வாசிப்பார்கள், ஆனால் பொலிஸில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைப் பார்த்தால் அவர்களும் எழுத்தறியாதவர்கள்தான். மூன்றாவது, வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகக் காத்திருக்கும் பெண்களும் போய்த் திரும்பியவர்களும்.

இந்த மூன்று பேருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வேறு யாரோ எழுதிய காகிதம்தான் இவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. இது நேற்று வந்த கதை அல்ல. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களின் குடியுரிமை போனது, அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று இரண்டு தலைநகரங்களில் எண்ணிக்கை பேசி முடித்தார்கள். மிச்சம் 1,50,000 பேருக்கு இன்னொரு ஒப்பந்தம் 1974இல். எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போடுவது என்பதை, அந்த விண்ணப்பத்தை வாசிக்கவே தெரியாத ஆட்கள் யாரையாவது பிடித்து நிரப்பிக் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தவர் சொன்னதுதான் விதி. நாடற்றவர் பிரச்சினைக்கு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் ஒரு முடிவு கிடைத்தது. ஆகவே இங்கே முதியோர் கல்வி என்றால் அ, ஆ சொல்லிக்கொடுப்பது மட்டும் என்று நினைத்துத் தொடங்கினால், பாதி விஷயம் வெளியே நின்றுவிடும்.

எழுத்தறிவு வகுப்பு

நாலில் மிகவும் பத்திரமான வழி இது. யாரும் எதிர்க்கமாட்டார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாருக்கும் பிரச்சினை இல்லை, சங்கங்களுக்கும் இல்லை. வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான பிரிவு இருக்கிறது. ஆள் சேர்த்துப் பட்டியலோடு போனால் போதனாசிரியர் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் செலவும் பெரிதாக வராது.

சிக்கல் எங்கே என்றால், முதல் மாதம் இருபது பேர் வருவார்கள், மூன்றாம் மாதம் ஆறு பேர் மிஞ்சுவார்கள். காரணம் சோம்பல் இல்லை. பகல் முழுக்க மலையில் நின்று, நிறுவையில் கிலோ கழித்ததற்காக வாய் கொடுத்துவிட்டு வரும் அக்காவிடம் பிள்ளைகளின் முதலாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து ‘பட்டம், பம்பரம்’ வாசிக்கச் சொன்னால் அவர் எத்தனை நாளைக்கு வருவார்? பேரப்பிள்ளை பார்த்துச் சிரிக்கும் என்ற கூச்சம் வேறு.

தமிழ்நாட்டில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம் இதை ஓரளவு தாண்டியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். படிப்பும் சைக்கிளும் ஒன்றுக்கொன்று துணை நின்றதால் இரண்டும் நிலைத்தன. ஆனால் அதற்குப் பின்னால் மாவட்ட நிர்வாகமே நின்றது, ஊர் ஊராகத் தொண்டர்கள், நாடகக் குழுக்கள் நின்றன. ஒரு தோட்டத்து மண்டபத்தில் அந்த வேகம் தானாக வராது. நம் மேட்டில் சைக்கிளும் ஓடாது, அது வேறு கதை.

சங்கத்தின் கையில் கொடுத்தால்?

மலையகத்தில் முதியோர் கல்வியைத் தொடங்கியதே தொழிற்சங்கம்தான் என்று சொன்னால் மிகையில்லை. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை அமைத்தார். அதற்கு முன்பே பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் போட்டார். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். தோட்டத் தொழிலாளரின் நிலைமையைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குச் சட்டத்தைக் காதால் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கரும்பலகை இல்லை, வரவுப் பதிவேடு இல்லை. இருந்தும் அது பள்ளிக்கூடம்தான்.

இன்றைய நிலை வேறு. சந்தா செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே கழிக்கப்படுகிறது. ஆளைத் தேடிப்போய்ப் பேசி வாங்கவேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு இல்லை. தலைவர்மாருக்குப் பயிற்சி வகுப்பு நடப்பது உண்டு. அது டவுன் ஹோட்டல் மண்டபத்தில், சோற்றுப் பார்சலோடு முடிந்துவிடும். கேட்டதை லயத்துக்கு வந்து பேசும் தலைவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் அப்படியில்லை. பெரிய இடைஞ்சல் இன்னொன்று. உங்கள் தோட்டத்தில் மூன்று சங்கம். ஒன்று நடத்தினால் மற்ற இரண்டின் ஆட்கள் மண்டபத்துப் பக்கமே வரமாட்டார்கள். தேர்தல் வந்தால் அந்த ஒன்றின் ஆட்களும் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

அதற்காகச் சங்கத்தை ஒதுக்கிவிடக் கூடாது. தொழில் திணைக்களத்தில் எந்தக் கதவைத் தட்டுவது, எந்தக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பது பழைய சங்கக்காரர்களுக்கு அத்துப்படி. மூன்று சங்கத்தையும் முறை வைத்து விருந்தாளியாக அழையுங்கள். வீட்டுச் சொந்தக்காரராக வேண்டாம்.

பயிற்சி நெறி

இளைஞர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். காரணமும் நியாயம். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேச வந்தால் கொழும்புக் கடையில் சம்பளம் ஏறும். வளைகுடாவுக்குப் போகிற பெண்ணுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், பயிற்சியும் எடுக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அந்தப் பணியகம் தன் பயிற்சியைத் தானே நடத்துகிறது. அதையே மண்டபத்தில் இன்னொரு தரம் நடத்த உங்களுக்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. தையல், கணினி என்றால் மெஷின் வாங்கவே காசு முடிந்துவிடும்.

பயிற்சியில் சலவை மெஷின், குழந்தை பராமரிப்பு, கொஞ்சம் அரபு எல்லாம் வரும். ஆனால் கடவுச்சீட்டை எசமானி பூட்டி வைத்தால், சம்பளத்தை மூன்று மாதம் பிடித்து வைத்தால் அங்கே என்ன செய்யலாம், செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் போய் வந்த பெண்ணைவிட யார் நன்றாகச் சொல்லமுடியும்? லெபனானில் பல நாட்டு வீட்டுப் பணிப்பெண்கள் சேர்ந்து 2015இல் பெய்ரூட்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்நாட்டுத் தொழில் சட்டம் அவர்களைத் தொழிலாளராகவே கணக்கெடுப்பதில்லை, தொழில் அமைச்சும் சங்கத்தை ஏற்கவில்லை. அப்படியிருந்தும் கூடினார்கள். கிழமைக்கு ஒரு நாள் லீவு கிடைக்காத வீடுகளிலிருந்து வந்து கூடினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இந்த அனுபவம் எந்தப் பயிற்சி நெறியிலும் இல்லை. நம் லயத்தில் திரும்பி வந்த அக்காமாரிடம் இதைப் போன்ற கதைகள் கிடக்கின்றன. ஆனால் அவர்களிடம் நாம் கேட்பது ‘எவ்வளவு கொண்டு வந்தாய்’ என்று மட்டும்தான்.

படிப்பு வட்டம்

இனி நாலாவது. என் சாய்வு இந்தப் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், அதற்கேற்பக் கழித்து வாசியுங்கள்.

பிரேசிலின் வடகிழக்கில் அங்கிக்கோஸ் என்ற ஊரில் 1963இல் பாவுலோ பிரெய்ரே என்ற கல்வியாளரும் மாணவத் தொண்டர்களும் ஏறக்குறைய 300 தொழிலாளருக்குச் சுமார் 40 மணித்தியாலத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. அந்த ஊர் ஆட்கள் தினம் புழங்கும் சொற்களைப் பொறுக்கினார்கள். செங்கல் என்ற சொல்லை எடுத்தால், அதன் படத்தைக் காட்டி முதலில் பேச்சு: யார் அறுக்கிறார், யார் வீடு கட்டுகிறார், அறுக்கிறவர் எந்த வீட்டில் இருக்கிறார். பேச்சு சூடான பிறகு எழுத்து. அந்தக் காலத்தில் பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு வாக்கு இல்லை. ஆகவே ஒருவருக்கு எழுத்து வருவது என்றால் ஒரு வாக்கு கூடுவது. அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிரெய்ரேயைச் சிறையில் போட்டார்கள், அப்புறம் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. வகுப்பு நடத்தியதற்காக!

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஜோன்ஸ் தீவு. அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் வாசித்துக் காட்டவேண்டும் என்று விதி. 1957இல் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. கடை முன்னால் இருந்ததால் வெள்ளையர் கண்ணில் அது வகுப்பாகப் படவில்லை. நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியை இல்லை, தலைமயிர் அலங்காரக் கடை வைத்திருந்தவர். முதல் நாள் அவர் கேட்டது, உங்களுக்கு என்ன படிக்கவேண்டும் என்பதுதான். பெயர் எழுதவேண்டும், வேதப் புத்தகம் வாசிக்கவேண்டும், தபாலில் சாமான் எடுக்கும் படிவத்தை நிரப்பவேண்டும் என்றார்கள். அதிலிருந்துதான் பாடம். பெரியவர்களுக்குப் பயிற்சி தந்த டென்னஸியின் ஹைலேண்டர் பள்ளி இதற்குத் துணை நின்றது. பிறகு இந்த மாதிரி வகுப்புகள் தென் மாநிலங்கள் பூராவும் பரவின.

வாக்கைப் பறிகொடுத்த சமூகம் நம்முடையதும்தான். பிரேசிலிலும் தென் கரோலினாவிலும் எழுத்தைச் சாட்டி வாக்கை மறுத்தார்கள், இங்கே குடியுரிமையைச் சாட்டி. அதனால் அவர்கள் முறையை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் காகிதத்திலிருந்து தொடங்குவது என்ற யோசனை நமக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும்.

சம்பளச் சீட்டை எடுங்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று தீர்மானமான காலத்தின் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு அக்காவுக்கு 20 பேர், அதாவது 20 நாள் வேலை, விழுந்திருக்கிறது. 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதம், 2,160 கழியும். அது எல்லோருக்கும் தெரியும், கழிந்தது கண்ணுக்குத் தெரிகிறதே! கம்பனி தன் பங்குக்கு 12 வீதம், 3,240 போடவேண்டும், ஈ.டி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 810 போடவேண்டும் என்பதைச் சொன்னால் மண்டபம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் போகும். அப்புறம் கேள்வி கிளம்பும்: போட்டார்களா, எங்கே பார்ப்பது? நிலுவை இருந்தால் தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம். அரச அலுவலகம் ஒன்றிடம் தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்கவேண்டும். விண்ணப்பம் எழுதுவதே இரண்டு வகுப்புக்கான எழுத்துப் பயிற்சி. ஓய்வு பெறப்போகிறவருக்குச் சேவைக்காலப் பணக் கணக்கு: நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடம் வேலை செய்தவருக்கு 1350 ரூபாக் கணக்கில் 5,67,000. பெருக்கல் வராதவர்கள்கூட அன்றைக்குப் பெருக்கல் படித்துவிடுவார்கள்.

அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், எப்போது போடலாம், பறித்த கிலோவுக்குக் காசு தரும் கைக்காசு நாளின் கணக்கு எங்கே போகிறது, ஏஜென்சி நீட்டும் ஒப்பந்தத்தில் எந்த மொழியில் என்ன எழுதியிருக்கிறது, வீடு கொடுத்தும் 7 பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் ஏன் வரவில்லை. ஒரு வருடத்துக்குத் தாராளமாகப் பாடம் இருக்கிறது.

குறை இல்லையா? நிறைய. முதலாவது, வட்டத்தை நடத்துபவர் பேச்சாளராகிவிட்டால் எல்லாம் போச்சு. படித்த தம்பிமாருக்கு மைக் கிடைத்த மாதிரி ஆகிவிடும், அக்காமார் கொட்டாவி விடுவார்கள். இரண்டாவது, பேசிப் பேசி ஒன்றும் நடக்காவிட்டால் சலிப்பு வரும், எழுத்து வகுப்பைவிட வேகமாக ஆள் கலையும். மூன்றாவது, சம்பளக் கணக்கைத் தொட்டதும் ஓப்பீசிலிருந்து ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். மண்டபத்தைத் தந்த கோயில் குழுவுக்கு நெருக்கடி வரலாம். நாலாவது, பேச்சு ருசி கண்டு எழுத்தை விட்டுவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து உரிமையெல்லாம் வாயில் இருக்கும், படிவத்தை நிரப்ப மறுபடியும் யாராவது வேண்டும்.

அரச சார்பற்ற நிறுவனக் காசில் நடந்த வட்டங்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. கண்டியில் 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் போன்ற இடங்கள் தோட்ட மக்களோடு நெடுங்காலம் நின்றன. அந்த மரபை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்று பெரும்பாலும் ‘புரொஜெக்ட்’ தான். காலம் முடிந்தால் வட்டமும் முடியும், பெனர் மட்டும் சுவரில் நிற்கும். உங்கள் காசு சொந்தக் காசு என்பது உங்களுடைய பெரிய பலம்.

நேரம் என்ற ஐந்தாவது கேள்வி

எந்த வழியை எடுத்தாலும் மாலை ஆறு மணிக்கு வைத்தால் அது ஆண்களின் வகுப்பு. நாலரைக்கு மலையிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு அப்புறம் விறகு, தண்ணீர், அடுப்பு, பிள்ளை. ஆறு மணி அவருக்கு வேலைநேரம். ஞாயிறு பிற்பகல் அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பரவாயில்லை. இரண்டு பொழுதில் ஒன்றையாவது அப்படி மாற்றுங்கள். பிள்ளைகளைப் பார்க்க வயதான ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்துப் பக்கத்திலேயே இருக்கச் செய்யுங்கள். இந்தச் செலவைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். பருவமும் பாருங்கள்: ஏப்ரல், மே கொழுந்து கொட்டும் மாதம், யாரும் வரமாட்டார்கள். ஜூனிலிருந்து மழை. ஜனவரியில் தொடங்கினால் மார்ச் வரைக்கும் மூன்று மாதம் நிம்மதியாக ஓடும்.

என் முடிவு

படிப்பு வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் புதிதாக ஒரு அமைப்புப் பெயர் வைத்து, தலைவர், செயலாளர் தெரிவு செய்து தொடங்கவேண்டாம். தோட்டத்தில் ஏற்கனவே மரண உதவிச் சங்கம் இருக்கிறது. எந்தக் கட்சி, எந்தத் தொழிற்சங்கமானாலும் எல்லா லயமும் அதில் மாதக் காசு கட்டுகிறது. சாவுக்கு எல்லோரும் வந்து நிற்கிறார்கள். இப்படி எல்லோரையும் சேர்த்து வைத்திருக்கும் இடம் தோட்டத்தில் வேறு இல்லை. வட்டத்தை அதன் ஒரு வேலையாக வையுங்கள். ஓப்பீசிலிருந்து கேட்டாலும் ‘மரண உதவிச் சங்கத்துக் கணக்குப் பழகுகிறோம்’ என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. அந்தச் சங்கத்து வரவுசெலவுப் புத்தகத்தையே ஒரு நாள் பாடமாக வையுங்கள். பொருளாளர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

இரண்டு பொழுதில் ஒன்று முழுக்க எழுத்துக்கு. அதற்கு வலயக் கல்விப் பணிமனையிடம் ஆள் கேளுங்கள். நாலாவது குறைக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான். மற்றப் பொழுதை நடத்துபவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும், முடிந்தால் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பியவர். பத்தாம் வகுப்புத் தாண்டாதவர் என்றாலும் சரி. படித்த தம்பிமார் போட்டோகொப்பி எடுக்கவும், ஹட்டனுக்குப் போய்ப் படிவம் வாங்கி வரவும் இருக்கிறார்கள். காசைத் தேநீர், காகிதம், பஸ் கட்டணம், பிள்ளை பார்ப்பவர் என்று செலவழியுங்கள். வருடத்தில் ஒரு தரம் எல்லோரையும் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயத்தில் இருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் வந்த வழியே நடந்தவர்கள் இரு நூறு வருடக் கதையைக் காலால் படித்தார்கள். நம் பெரியவர்களுக்கு அந்தத் தூரம் முடியாது, வேன் பிடித்தால் போதும்.

இரண்டு நிலைமையில் என் முடிவு மாறும். நடத்த முன்வரும் பெண் ஒருவர்கூட இல்லை என்றால் வட்டத்தை விட்டுவிட்டு எழுத்தறிவு வகுப்பை மட்டும் வையுங்கள். தம்பிமார் நடத்தும் வட்டத்தைவிட அது நல்லது. இளைஞர்களில் பெரும்பாலோர் இன்னும் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள் என்றால், அவர்களுக்குச் சிங்களப் பேச்சு வகுப்பு ஒன்றைத் தனியே, அவர்கள் காசிலேயே நடத்தட்டும். வட்டத்துக் காசில் கை வைக்கவேண்டாம்.

முதல் நாளைக்கு வேறு ஒன்றும் ஆயத்தம் வேண்டாம். போன மாதத்துச் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தனக்குச் சீட்டே கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால், இரண்டாம் நாள் பாடம் அது.